உள்ளே ஒரு ஆடிட்டர்

தர்மபுரி நாலு ரோட்டில் டீ குடிக்கிறவனுக்கு சிகரெட் பழக்கம் வர பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஒரு கையில் கிளாஸ். இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது! எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தினம் நாலு.

போன மாதம் திடீரென்று ஞானோதயம்: டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்! ஏஜென்ட் தம்பி ஃபாரத்தை நீட்டி, "சிகரெட் உண்டாண்ணே?" என்றான். பிடிக்காதவருக்கு ஒரு ரேட், பிடிப்பவருக்கு அதைவிடக் கூட. பி.காம். படித்தவன் எதைக் கேட்பான்?

"சேச்சே!" என்றேன், ஏலக்காயை மென்றுகொண்டே.

"அப்ப சரி. யூரின் குடுத்துடுங்கண்ணே. கோட்டினைன் பாப்பாங்க."

யாருய்யா அந்தக் கோட்டினைன்?

விசாரித்தேன். நிகோடினின் ஆங்கில எழுத்து எட்டையும் கலைத்துப் போட்டால் கோட்டினைன். உடம்பும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே போன நிகோடினில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கைக் கல்லீரல் கோட்டினைனாக மாற்றிவிடுகிறது. நிகோடின், கடன் வாங்கிய ஆள் மாதிரி. இரண்டு மணி நேரத்தில் பாதி காணாமல் போய்விடும். கோட்டினைன் பாதியாகக் குறையவே சுமார் 16 மணி நேரம் ஆகும். அதனால் இரண்டு மூன்று நாள் கழித்துத் தேடினாலும் ரத்தம், எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் ரசீது இருக்கும். ஏலக்காய் வாயைத்தான் ஏமாற்றும். ஆடிட்டர் உட்கார்ந்திருப்பது வேறு இடத்தில்! புகையிலை மென்றாலும் மாட்டிக்கொள்வீர்கள். 2019-ல் எல்.ஐ.சி. கொண்டுவந்த ஜீவன் அமர் பாலிசியிலும் குறைந்த ரேட் வேண்டுமானால் இந்த டெஸ்ட்தான் சாட்சியாக இருந்தது.

"ஒரு வாரம் பிடிக்காம இருந்துட்டுக் குடுத்தா?" என்று இழுத்தேன்.

தம்பி சிரித்தான். "மூணு வருஷத்துக்குள்ள உங்களுக்கு ஏதாச்சும் ஆயி, பொய் சொன்னது தெரிஞ்சா க்ளெய்ம் போச்சுண்ணே. அப்ப உங்ககிட்டயா வந்து கேப்பாங்க? அண்ணிகிட்டதான் கேப்பாங்க."

சுருக்கென்றது. ஆனால் அதைவிடப் பெரிய குத்து, அன்று ராத்திரி மேற்கொண்டு படித்தபோது விழுந்தது. இந்த ஆடிட்டர் பிடிக்காதவர் கணக்கையும் எழுதுகிறார்! அமெரிக்காவில் 1988-91 சர்வேயில், சிகரெட்டே தொடாதவர்களில் நூற்றுக்கு 88 பேர் ரத்தத்தில் கோட்டினைன். எல்லாம் பக்கத்து ஆள் விட்ட புகை. பொது இடங்களில் கெடுபிடி வந்த பிறகு, 2011-12-ல் அது 25 ஆக இறங்கியது. இங்கேயும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம்.

என் வீட்டு வாசலுக்கு அபராதம் போட யார் இருக்கிறார்கள்?

"வெளிய நின்னுதானே பிடிக்கிறேன்" என்பது மனைவியிடம் என் நிரந்தர வாதம். பிடித்து முடித்து உள்ளே வந்தால் ஆறு வயது மகள் மடியில் ஏறி உட்கார்வாள். வெளியே நின்று பிடிப்பவர் வீட்டுப் பிள்ளைகளிடமும், புகையே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிடக் கோட்டினைன் கூடுதல் என்கிறார்கள். சட்டை, கை, மூச்சு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். அளவு கொஞ்சம்தான். கோட்டினைன் வெறும் ரசீதுதான், அதுவே நோய் இல்லை. ஆனால் சரக்கு உள்ளே போகாமல் ரசீது வராதே!

பக்கத்தில்தான் அதியமான்கோட்டை. ஆயுசை நீட்டும் நெல்லிக்கனி கிடைத்தபோது, தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த வள்ளலின் மண். நானும் வள்ளல்தான். பெற்ற மகளுக்கே என் சிகரெட்டில் பங்கு கொடுத்திருக்கிறேன்!

மறுநாள் ஃபாரத்தில் 'ஆம், பிடிப்பவன்' என்று எழுதிக் கொடுத்தேன். பிரீமியம் கூடத்தான். போகட்டும்.

இன்றோடு பதினோரு நாள். அதே நாலு ரோடு, அதே டீ. கிளாஸை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன்.