பொதுக் கிணற்றுக்குப் பூட்டு

இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் ரெடிஸ் என்ற சாஃப்ட்வேரை எழுதினார். அடிக்கடி தேவைப்படும் தகவலை ஒவ்வொரு முறையும் டிஸ்கில் துழாவாமல், கம்ப்யூட்டரின் நினைவகத்திலேயே வைத்திருந்து சட்டென்று எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம் என்று மூல நிரலோடு பகிரங்கமாகக் கொடுத்துவிட்டார். அதை நம்பி எத்தனையோ நிறுவனங்கள் தங்கள் கட்டிடத்தை எழுப்பின. 2020இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். பெயரும் சின்னமும் ஒரு கம்பெனியின் கையில் இருந்தன. 2024 மார்ச்சில் அந்தக் கம்பெனி லைசென்ஸை மாற்றியது: இனி வரும் பதிப்புகளை அனுமதியில்லாமல் போட்டிச் சேவையாக விற்கக் கூடாது.

கம்பெனி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நிரலை வளர்க்கும் செலவு இவர்களுடையது. அதையே வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவை அமேசான் போன்ற ராட்சதக் கம்பெனிகள். ஆனால் அந்த நிரலில் கூலி கேட்காத வெளியாட்கள் பலரின் உழைப்பும் இருக்கிறது. அவர்கள் தூர் வாரியது பொதுக் கிணறு என்று நம்பித்தான்.

பதிலடி சில நாட்களிலேயே வந்தது. பழைய லைசென்ஸில் இருந்த கடைசிப் பதிப்பிலிருந்து 'வால்கீ' என்ற கிளை, லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் முளைத்தது. ஆதரித்தவர்கள் யார் என்கிறீர்கள்? அமேசான், கூகுள், ஆரகிள். கிணற்றைக் காப்பாற்ற வந்தவர்களும் பண்ணையார்கள்தான்! 2025 மே மாதம் ரெடிஸ் மறுபடியும் ஒரு திறந்த லைசென்ஸைச் சேர்த்துக்கொண்டது. போனவர்கள் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பது வேறு விஷயம். இதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில், ஹாஷிகார்ப் தன் டெராஃபார்முக்கு இப்படித்தான் லைசென்ஸை மாற்றியது. அங்கே முளைத்த கிளை ஓபன்டோஃபு. ஹாஷிகார்ப்பை ஐபிஎம் வாங்கிக்கொண்டது.

இந்தக் கூத்தையெல்லாம் பார்ப்பவர்களுக்கு, நம் சர்வரை நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பாருங்கள். குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம். ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு அதில் சுமார் 49 சதவீதப் பங்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. இந்திய அரசு விதித்த தடை அல்ல. காசு கொடுத்து வாங்கிய சேவை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகுதான் சேவை திரும்பியது.

சொந்த சர்வர் என்பதும் லேசுப்பட்ட காரியமல்ல. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நெக்ஸ்ட்க்ளவுட் போட்டால் போட்டோ, கோப்பு, காலண்டர் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். ஆனால் கரண்ட் போனால் யு.பி.எஸ். வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் நிலையான ஐ.பி. முகவரி பெரும்பாலும் கிடையாது. பாதுகாப்புத் திருத்தங்களை மறக்காமல் போட வேண்டும். நீங்கள் நிறுவும் கருவியின் பின்னாலும் ஒரு கம்பெனி இருக்கக்கூடும்: சொந்த சர்வர்க்காரர்கள் விரும்பிய மினியோ, 2025இல் தன் இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்து பல வசதிகளை உருவிவிட்டது.

எனவே நிறுவுவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். நிரலின் உரிமை ஒரே கம்பெனியிடமா, பலரிடமா? உங்கள் தகவலைப் பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டு டிஸ்கில் ஒரு பிரதி இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலுள்ள கோப்புகள் திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.