'கிளியர்' பண்ணிட்டாங்க!

போன தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. கிரிவலப் பாதை ஓரமா எங்க பெரியம்மா இட்லிக் கடை போட்டிருந்தாங்க. கடைன்னதும் பெருசா நினைச்சுடாதீங்க. ஒரு தள்ளுவண்டி, மேலே தார்ப்பாய், ஒரு மேசை, ரெண்டு பெஞ்சு. அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் யாரோ வந்து ஒரு காகிதத்தைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் காலேஜ் பஸ் இறங்கி வந்ததும் அதை என்கிட்ட நீட்டி, "கண்ணு, இன்னா போட்டுருக்குதுன்னு படி"ன்னாங்க.

'ஆக்கிரமிப்புகள் அகற்றப்படும்' என்று இருந்தது.

"அது நம்மளயா?"ன்னு கேட்டாங்க. எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வரியில் பெரியம்மா எங்கேயுமே இல்லை. அகற்றப்போவது யார் என்பதும் இல்லை. 'ஆக்கிரமிப்பு' மட்டும் இருந்தது.

மறுநாள் முதல் ஹவர் நடக்கும்போதே பக்கத்து இளநீர்க் கடை அண்ணன் போன். "தம்பி, மொத்தமா கிளியர் பண்ணிட்டாங்க."

நாமும் தினம் சொல்ற சொல்தான். அரியர் கிளியர் பண்றோம், பிரவுசர் ஹிஸ்டரி கிளியர் பண்றோம். அதே சொல்லை ஒரு மனுஷிக்கும் அவங்க பிழைப்புக்கும் போட்டபோதுதான் எனக்கு உறுத்துச்சு. ஒருத்தரை இடத்தைவிட்டோ வேலையைவிட்டோ துரத்துவதற்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள் இருக்கு. எல்லாம் ஒன்னுதான்னு நானும் நினைச்சிருந்தேன். இல்லை. சில சொற்களுக்குப் பின்னாடி நமக்கு உரிமை இருக்கு. சில சொற்கள் அந்த உரிமையைச் சத்தமில்லாம மறைச்சுடும்.

நம்ம காலேஜில் இருந்தே ஆரம்பிக்கலாம். 'ரஸ்டிகேட்' பண்ணிடுவேன்னு மிரட்டாத எச்.ஓ.டி. உண்டா? அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'கிராமம்' என்று பொருள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் தப்பு செய்த மாணவனைக் கொஞ்ச நாள் ஊர்ப்பக்கம் அனுப்பிவைப்பதற்குப் பெயர் அது. செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் பஸ் பிடிச்சு வர்ற நம்மை, தண்டனையா எந்தக் கிராமத்துக்கு அனுப்புவாங்களோ தெரியலை! ஆனால் சட்டத்தில் இது விளையாட்டுச் சொல் இல்லை. யு.ஜி.சி.யின் 2009 ராகிங் தடுப்பு விதிகளில் ரஸ்டிகேஷன் என்றால் ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை வெளியே நிற்பது. 'எக்ஸ்பல்ஷன்' என்றால் மொத்தமாக வெளியேற்றுவது. ஒன்றில் திரும்பி வரலாம், இன்னொன்றில் முடியாது.

அடுத்தது நாளைக்கு நமக்கு வரப்போகிற சொல், 'லேஆஃப்'. 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் லேஆஃப் என்றால் வேலை இல்லாததால் தற்காலிகமாக நிறுத்திவைப்பது, ஆள் கம்பெனியிலேயே இருக்கிறார் என்று பொருள். நிரந்தரமாக அனுப்புவதற்குப் பெயர் 'ரிட்ரெஞ்ச்மென்ட்'. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை அப்படி அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் கம்பெனிகள் அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது அறிக்கையில் இருந்த சொல் 'ரிலீஸ்'. நம்ம சீனியர்கள் பலர் சொல்ற இன்னொரு வழி, "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க". பண்ணிட்டா அது நீக்கம் இல்லை, நம்ம விருப்பம் ஆகிடும். இழப்பீடும் அதோடு போச்சு.

இப்போ பெரியம்மாவுக்கு வருவோம். 'எவிக்ட்' என்ற சொல்லும் 'விக்டரி'யும் ஒரே லத்தீன் வேர். வழக்காடி ஜெயிச்சு இடத்தை மீட்பதுதான் அதன் பழைய பொருள். ஜெயிக்கணும்னா எதிரே ஒருத்தர் நிக்கணும், அவர் சொல்றதையும் கேட்கணும். 'கிளியர்' பண்ண எதிரே யாரும் தேவையில்லை.

2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தில் இருப்பது 'எவிக்ஷன்', 'ரீலொகேஷன்' என்ற சொற்கள்தான். அதன்படி, கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் கொடுக்கும்வரை வியாபாரியை வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது. அதுக்கப்புறமும் 30 நாள் நோட்டீஸ் வேணும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்கணும். உரிமை கோரினால் கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தரணும். பெரியம்மாவுக்குக் கிடைச்சது ஒரு ராத்திரி. பட்டியல் எதுவும் கிடைக்கலை.

எதிர்க்கேள்வி எனக்கும் தெரியும். தீபத்தன்று லட்சக்கணக்கில் ஜனம் வருது. 14 கிலோமீட்டர் பாதையில் ஆம்புலன்ஸ் போக வழி வேண்டாமா? கட்டாயம் வேணும். சில இடங்களில் ஆட்களை நகர்த்தாமல் விடுவதுதான் பெரிய தப்பு. 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு பேர் செத்துப்போனாங்க, அதில் ஐந்து பேர் குழந்தைகள். நம்ம ஊரில் யாரும் அதை மறக்க முடியாது. அந்த மலையடிவாரத்தில் இருப்பவர்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோகணும்னா, நானும் சரின்னுதான் சொல்வேன். ஆனால் அதுக்குப் பேர் 'அகற்றம்' இல்லை, மறுகுடியமர்வு. அந்தச் சொல்லைப் போட்டால் 'எங்கே?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும். 'அகற்றப்படும்'னு எழுதிட்டா அந்தக் கேள்வியே வராது.

தமிழ் எழுதினா நியாயம் கிடைச்சுடும்னு நான் சொல்லவில்லை. அந்தக் காகிதம் நல்ல தமிழில்தான் இருந்தது. குப்பைக்கும் 'அகற்றம்', கடைக்கும் 'அகற்றம்'. மொழி எதுவானாலும், ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் இருக்கணும். 'இந்த இடத்தில் கடை வைத்திருக்கும் உங்களை, இன்ன காரணத்துக்காக, இன்ன தேதியில், இன்ன இடத்துக்கு மாற்றுகிறோம்' என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

நம்மில் பாதிப் பேர் வீட்டில், வர்ற காகிதத்தை எல்லாம் படிக்கிற ஆள் நாமதான். பேங்க் கடுதாசி, கோர்ட் கடுதாசி, நோட்டீஸ், எது வந்தாலும் "இன்ஜினியரிங் படிக்குதே, அது படிக்கும்"னு நம்ம கையில்தான் வரும். நான் அன்னிக்குப் படிக்க மட்டும் செஞ்சேன். யார் கையெழுத்து, எந்தச் சட்டம், எத்தனை நாள் அவகாசம், பொருளுக்குப் பட்டியல் எங்கேன்னு கேட்டிருக்கணும். கேட்கத் தெரியலை. நீங்க கேளுங்க.

தீபம் முடிஞ்சு ரெண்டு வாரத்தில் பெரியம்மா திரும்பக் கடை போட்டாங்க, கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தடியில். வண்டி வாடகை வண்டி. பழைய வண்டியும் மேசையும் இன்னும் வரலை. அடுத்த தீபத்துக்கு முன்னாடி வர்ற காகிதத்துக்காக, அந்த 2014 சட்டத்தை பிரின்ட் எடுத்து வீட்டில் வெச்சிருக்கேன்.