கண்ணாடித் தொட்டிக்குள் கடல்: பாசி படர்ந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால், கடல் உப்புக் கலவை ஒரு பை, ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டிரம் இருந்தால் வரவேற்பறையிலேயே ஒரு குட்டிக் கடலை உருவாக்கிவிடலாம். ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன் நீந்தினால் வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

சிக்கல் சில மாதங்களில் தொடங்கும். கண்ணாடியில் பழுப்புப் படலம், கல்லில் முடி முடியாகப் பச்சைப் பாசி. சுரண்டி எடுத்தாலும் சில நாள்களில் மறுபடியும் வந்துவிடும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பாஸ்பேட். வயலுக்குப் போடும் டி.ஏ.பி. உரத்தில் பயிருக்குக் கிடைக்கும் அதே சத்துதான். பயிரை வளர்ப்பது பாசியையும் வளர்க்கும். சாக்கடை கலக்கும் குளம் பச்சையாக மாறுவதற்கும் இது முக்கியக் காரணம்.

எவ்வளவு இருக்கலாம்?

பவளம் வளரும் தொட்டியில் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை பாஸ்பேட் இருப்பது நல்லது என்பது இத்துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அதிகமானால் பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டும் வேகம் குறையும், நிறமும் பழுப்பாக மங்கும். மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால், அளவு ஏறிக்கொண்டே போனால் தீனியும் கழிவும் தேங்குகின்றன என்று அர்த்தம்.

டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டுகிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட்டைப் பாசியே உறிஞ்சிவிட்டிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்.

போர்வெல் தண்ணீர்தான் காரணமா?

தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் முதல் சந்தேகம் போர்வெல் மீதுதான் விழும். பாஸ்பேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது. அதனால் நிலத்தடி நீரில் கடின உப்புகளும் நைட்ரேட்டும் அதிகம் வர வாய்ப்புண்டு, பாஸ்பேட் அந்த அளவுக்கு வராது. தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் தேவைதான். ஆனால், சில வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கும் வசதி இருக்கும். தொட்டிக்குப் பிடிக்கும்போது அதை மூடிவிட வேண்டும்.

டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், பாஸ்பேட்டைத் தனியாகக் காட்டாது. ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்துவைத்த உப்புத் தண்ணீரையும் பாஸ்பேட் கிட்டில் ஒருமுறை சோதித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு கிராம் தீனியின் கணக்கு

உண்மையான வரவு பெரும்பாலும் தீனி டப்பாவிலிருந்துதான். உலர்ந்த மீன் தீனியில் சுமார் 1 சதவிகிதம் பாஸ்பரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது ஏறக்குறைய 30 மில்லிகிராம் பாஸ்பேட். 200 லிட்டர் தொட்டியில் அது முழுக்கக் கரைந்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் கூடும். ஒரே நாள் தீனி, பவளத்துக்கான உச்ச அளவையே தாண்டிவிடுகிறது. மீனின் உடம்பில் ஒரு பங்கு தங்கும், மிச்சம் தண்ணீருக்குத்தான் போகும்.

இன்னொரு பக்கம், 10 சதவிகிதத் தண்ணீரை மாற்றினால் பாஸ்பேட்டும் 10 சதவிகிதம்தான் குறையும். அதோடு, தொட்டியில் இருக்கும் கல்லும் மணலும் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்து, தண்ணீரில் குறையும்போது மெல்ல வெளியே விடும். தண்ணீரை மாற்றிய சில நாளிலேயே பழைய அளவு திரும்பிவருவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

* இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் தீனி. வீட்டில் ஒருவர் மட்டும் போடுவது என்று முடிவு செய்தால் பாதிப் பிரச்னை தீரும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் அன்றைய அளவைச் சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுக்கலாம்.
* உறைந்த இறாலைக் கரையவிட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும்.
* ஃபில்டர் பஞ்சை வாரம் இருமுறை அலசலாம். ஸ்கிம்மர் கோப்பையையும் தவறாமல் கழுவ வேண்டும். கழிவு அழுகும் முன் வெளியேறினால் பாஸ்பேட்டும் அதோடு போகும்.
* கீழ்த்தொட்டி இருந்தால் அதில் விளக்கு போட்டு, சேட்டோ என்னும் பாசியை வளர்த்து அவ்வப்போது அறுத்தெடுக்கலாம்.
* இவ்வளவுக்குப் பிறகும் குறையாவிட்டால் பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு குருணையைப் பயன்படுத்தலாம். பாக்கெட்டில் சொன்னதில் பாதியில் தொடங்குவது பாதுகாப்பு. அளவு சட்டென்று சரிந்தால் பவளம் தாங்காது. லாந்தனம் குளோரைடு திரவம் புதியவர்களுக்கு வேண்டாம். அது உண்டாக்கும் நுண்ணிய படிவு மீனின் செவுள்களைப் பாதிக்கலாம்.

பூஜ்யத்துக்குக் கொண்டுபோவதும் தவறு. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும்.

மாற்றியெடுத்த உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகிவிடும். தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் ஆர்.ஓ. கழிவுநீரையும் வீணாக்க வேண்டாம், வீடு துடைக்க உதவும்.

பவளம் வாங்கும் முன்

பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், கடல் விசிறி ஆகியவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன. கடலில் எடுத்தது உயிருள்ளதோ, காய்ந்ததோ, வாங்குவதும் வைத்திருப்பதும் வழக்கில் கொண்டுபோய்விடும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளுக்காக 1986-ல் மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவே அமைக்கப்பட்டது.

செராமிக் கற்களும், பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களும் போதும், தொட்டி அழகாகத்தான் இருக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் இந்த மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. வாங்கும்போது ‘பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா?’ என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பண்ணைக் குஞ்சுகள் உலர்ந்த தீனிக்குப் பழகியவை. எவ்வளவு தின்னும் என்று பார்த்து அளந்து போடுவதும் எளிது.