தக்காளி சாதத்துக்கு நோ என்ட்ரி!

இன்டர்னல், அரியர், அட்டெண்டன்ஸ்னு எல்லா டென்ஷனையும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. இந்த வாரம் நாம டூர் போகப் போறோம். எங்கேன்னு கேட்கறீங்களா? ஊட்டி, கொடைக்கானல், மூணாறுன்னு ரெண்டு மாசம் பிளான் போட்டு, ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போடாததால கடைசியில எல்லா கிளாஸும் போய்ச் சேருமே... அந்த தீம் பார்க்குக்குத்தான்!

போன வருஷம் எங்க கிளாஸ் டூருக்கு அடியேன்தான் பொருளாளர். (காலேஜ்ல பொருளாளர்னா யாருன்னு உங்களுக்கே தெரியும். காசு கேட்டு நாற்பத்தாறு பேர் பின்னாடி அலையற ஜீவன்!) தலைக்கு 1,200 ரூபாய். பஸ் வாடகை, டிரைவர் பேட்டா, குரூப் ரேட்ல என்ட்ரி டிக்கெட் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். 'சாப்பாடு அவரவர் சொந்தச் செலவு'ன்னு குரூப்ல ஒரு வரி தட்டிவிட்டுட்டு, கடமை முடிஞ்சதுன்னு நிம்மதியா தூங்கிட்டேன். அந்த ஒரு வரிதான் நான் பண்ணின தப்பு. ஏன்னு சொல்றேன்.

காலையில பத்து மணி. கேட்ல செக்யூரிட்டி அண்ணன் ஒவ்வொரு பையா திறந்து பார்த்துட்டு இருந்தார். ஏதோ ஆபத்தான சாமான் தேடறார்னு பார்த்தா, அவர் தேடினது முறுக்கு! பிஸ்கட், சிப்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் வரிசையா மேஜை மேல ஏறிச்சு. அடுத்து என் பெஞ்ச்மேட் பை. (பேர் வேண்டாம், கோச்சுக்குவான்.) அதுலேருந்து ஒரு பெரிய டிபன் கேரியர் வெளியே வந்தது. தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அவனுக்கு மட்டும் இல்லீங்க, எங்க பெஞ்ச் பசங்க அஞ்சு பேருக்கும். அவங்க அம்மா விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து செஞ்சு கொடுத்தது.

"வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டாங்க தம்பி. இங்க வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்."

கெஞ்சிப் பார்த்தோம். "நான் என்னப்பா பண்றது, ரூல்ஸ் அப்படி"ன்னுட்டார். அவர் மேல கோபமே வரலை. அவரோட சாப்பாட்டு டப்பாவும் அந்த மேஜைக்கு அடியிலதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டுப் போயிருக்கலாம். ஆனா நமக்குத்தான் ரோலர் கோஸ்டர்ல முதல் வரிசை சீட் பிடிக்கிற அவசரமாச்சே!

மதியம் ஒரு மணி. தண்ணியில ஊறி ஊறி எல்லாருக்கும் கொலைப் பசி. ஃபுட் கோர்ட்ல விலைப் பலகையைப் பார்த்ததும் ரோலர் கோஸ்டர்ல வராத தலைசுத்தல் அங்க வந்துச்சு. வெஜ் ஃப்ரைடு ரைஸ் 220 ரூபாய். ரெண்டு பரோட்டா, குருமா 160. இருபது ரூபாய்னு அச்சடிச்ச தண்ணி பாட்டில் நாற்பது!

சரி, ஒரு நாள்தானேன்னு ஃப்ரைடு ரைஸ் வாங்கினேன். மேல ஆறிப் போய், நடுவுல கட்டி கட்டியா, கேரட்டைத் தேட மைக்ராஸ்கோப் வேணும். போன தடவை ஸ்கூல் பசங்களா போனப்போ இதே இடத்துல சுடச்சுட வாணலியிலேருந்து எடுத்துப் போட்டாங்க. இப்போ பெரிய ட்ரேயில குவிச்சு வெச்சு, கரண்டியால வெட்டி எடுத்துப் போடறாங்க. விலை மேல போயிருக்கு, ருசி கீழ போயிருக்கு, தட்டு சின்னதாயிருக்கு. பாதி சாப்பிட்டேன். மீதியைக் குப்பையில போட்டேன்.

அப்போதான் கவனிச்சேன், பெஞ்ச்மேட் மட்டும் பைகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தான். "என்னடா, சாப்பிடலை?"ன்னு கேட்டா, "காலையிலேயே செம கட்டு கட்டிட்டேன் மச்சி. இப்ப சாப்பிட்டா ரைடுல வாந்தி வரும்"னு சிரிச்சான்.

அவன் அந்த 1,200 ரூபாயைக் கட்டினதே மூணு தவணையில. வேற யாருக்கும் தெரியாது. பொருளாளர், எனக்குத் தெரியும். நூற்றிப் பத்து ரூபாய் சாப்பாட்டை நான் அவன் கண்ணு முன்னாடிதான் குப்பையில போட்டிருக்கேன்.

ஏன் இப்படி?

ஹாஸ்டல் திரும்பினப்புறம் இதையே யோசிச்சுட்டு இருந்தேன். தெர்மோடைனமிக்ஸ்ல குளோஸ்டு சிஸ்டம்னு ஒண்ணு படிச்சிருப்பீங்க. மாஸ் எல்லையைத் தாண்டிப் போகாது, எனர்ஜி மட்டும் போகும். தீம் பார்க் அதேதான் பாஸ்! உள்ளே போன நாம வெளியே வர முடியாது, நம்ம பர்ஸ்ல இருக்கிறது மட்டும் தாராளமா போகும்.

நம்ம காலேஜ் வாசல் டீக்கடை அண்ணன் ஒரு நாள் டீயைச் சொதப்பினா என்ன ஆகும்? மறுநாள் மொத்த கும்பலும் எதிர்க்கடைக்குத் தாவிடும். அந்த பயம்தான் நம்ம டீயோட தரம். பார்க்ல எதிர்க்கடையே கிடையாது. இருக்கிற பத்துக் கடையும் பெரும்பாலும் ஒரே நிர்வாகம், இல்லைன்னா அவங்க குத்தகைக்கு விட்ட ஆள். போதாக்குறைக்கு நாம வர்றது வருஷத்துக்கு ஒரு தடவை. அதுவும் ஃப்ரைடு ரைஸுக்காக வர்றதில்லை, ரைடுக்காக வர்றோம். சாப்பாடு மோசம்னு யாரும் பார்க்கை மாத்தறதில்லை. அப்புறம் சமையல்காரர் எதுக்குப் பயப்படணும்?

இன்னொரு சூட்சுமமும் இருக்கு. டூர் பிளான் பண்றப்போ டிக்கெட் விலையை நாலு இடத்துல ஒப்பிட்டுப் பார்க்கறோம். 'அங்க அம்பது ரூபா கம்மி மச்சி'ன்னு சண்டையே போடறோம். சாப்பாட்டு விலையை யாராவது கேட்கறோமா? அதனால டிக்கெட்ல ஆஃபர் மேல ஆஃபர் கொடுத்து உள்ளே இழுக்கலாம், விட்டதை சாப்பாட்டுல பிடிக்கலாம். நாம பார்க்கிற விலை குறையும், பார்க்காத விலை ஏறும்.

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எண்ணெய், காஸ், சம்பளம் எல்லாம் ஏறியிருக்கு. செவ்வாய்க்கிழமை காத்து வாங்கும், ஞாயித்துக்கிழமை கூட்டம் பிதுங்கும். எவ்வளவு சமைக்கிறதுன்னு கணிக்கிறது கஷ்டம். எல்லாரும் ஒரே நேரத்துல பசியோட வர்றதால முன்னாடியே சமைச்சுக் குவிச்சு வெச்சாகணும். ஆனா அங்கேயும் ஒரு கணக்கு இருக்கு. சமைச்ச சாப்பாட்டைப் பரிமாறற வரைக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடா வெச்சிருக்கணும், சாதாரண வெப்பநிலையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆறிப் போன ஃப்ரைடு ரைஸ்ல ருசி மட்டும் பிரச்னை இல்லைங்க, வயிறும் பிரச்னை. 220 ரூபாய் வாங்கறவங்க அதைச் சூடாவாவது தரலாமில்லையா?

கோழி வறுவல்ல பிறந்த பார்க்!

'தீம் பார்க்னாலே அப்படித்தான்டா, விடு'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு ஃபிளாஷ்பேக். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல 'நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்'னு ஒரு பிரபல தீம் பார்க். முதல்ல அது பெர்ரிப் பழத் தோட்டம், கூடவே ஒரு ரோட்டோரக் கடை. 1934-ல, கையில காசு தட்டுப்பாடா இருந்த நேரம், தோட்டக்காரர் வால்டர் நாட்டோட மனைவி கார்டிலியா தன்னோட கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள்ல எட்டு பேருக்கு கோழி வறுவல் சாப்பாடு போட்டாங்க. விலை 65 சென்ட். ருசி ஊரெல்லாம் பரவிச்சு, கடை வாசல்ல மணிக்கணக்கா கியூ நின்னுச்சு. காத்திருக்கிற ஜனங்களுக்குப் பொழுது போகணுமேன்னு 1940-ல பழைய காலத்து ஊர் மாதிரி ஒரு 'கோஸ்ட் டவுன்' கட்ட ஆரம்பிச்சார் வால்டர். அதுதான் வளர்ந்து வளர்ந்து தீம் பார்க் ஆச்சு. சாப்பாட்டுக்காக வந்தவங்களுக்காகத்தான் விளையாட்டே வந்திருக்கு!

இன்னும் கேளுங்க. அதே அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல 'ஹாலிடே வேர்ல்டு'ன்னு ஒரு பார்க். 2000-ம் வருஷத்துலேருந்து டிக்கெட் வாங்கி உள்ளே போன எல்லாருக்கும் கூல்டிரிங்க்ஸ் இலவசம். அமெரிக்க டிஸ்னி பார்க்குகள்ல நம்ம சாப்பாட்டை நாமே எடுத்துட்டுப் போகலாம். கண்ணாடி பாட்டில், மது மாதிரி சிலதுக்குத்தான் தடை. இதனால எந்த பார்க்கும் திவாலாகிடலை. ஆக, டிபன் கேரியரை கேட்ல நிறுத்தறது இயற்கை விதி இல்லை மக்களே, ஒரு நிர்வாகம் எடுக்கிற முடிவு. முடிவுன்னா மாத்தலாம்.

நம்ம கையில என்ன இருக்கு?

முதல்ல தண்ணி பாட்டில். பாக்கெட்ல அடைச்சு வர்ற பொருளை அச்சடிச்ச எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலா சில்லறையில விற்கக் கூடாதுன்னு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 சொல்லுது. ஒரே பொருளுக்கு, ஒரே அளவுக்கு, கடைக்கு ஒரு எம்.ஆர்.பி., பார்க்குக்கு ஒரு எம்.ஆர்.பி.ன்னு அச்சடிக்கவும் 2018 ஜனவரியிலேருந்து தடை. ஆனா உட்கார வெச்சுப் பரிமாறற ஹோட்டல், ரெஸ்டாரன்ட்டுக்கு இது பொருந்தாதுன்னு 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால ஏ.சி. ரெஸ்டாரன்ட்ல போய் வீராவேசமா சட்டம் பேசி பல்பு வாங்காதீங்க. கவுன்டர்ல சும்மா எடுத்து நீட்டற பாட்டிலுக்கு டபுள் விலைன்னா, சண்டை வேண்டாம். பில்லைக் கேட்டு வாங்குங்க, எம்.ஆர்.பி. தெரியற மாதிரி பாட்டிலைப் போட்டோ எடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க. நம்ம ஊர்ல இந்தப் புகாரை விசாரிக்கறது தொழிலாளர் துறை. பில்லுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கான்னும் பாருங்க. 2022 ஜனவரியிலேருந்து அது கட்டாயம்.

அடுத்தது, வெளிச் சாப்பாடு. 2023 ஜனவரியில தியேட்டர்கள் சம்பந்தமான வழக்குல, வெளி உணவைத் தடுக்க தியேட்டர் உரிமையாளருக்கு உரிமை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கூடவே, சுத்தமான குடிதண்ணியை இலவசமா கொடுக்கணும், கைக்குழந்தைக்குக் கொண்டு வர்ற உணவைத் தடுக்கக் கூடாதுன்னும் சொல்லுச்சு. அது தியேட்டருக்கான தீர்ப்பு. ஆனா மூணு மணி நேரப் படத்துக்கே தண்ணி இலவசம்னா, எட்டு மணி நேரம் வெயில்ல நிக்கிற பார்க்ல கேட்கிறது தப்பே இல்லை.

சமைச்ச சாப்பாட்டுக்கோ எம்.ஆர்.பி.யே கிடையாது. அங்க சட்டம் கைகொடுக்காது, நம்ம கூட்டம்தான் கைகொடுக்கும். பணம் கட்டறதுக்கு முன்னாடி போன் போட்டு நாலே நாலு கேள்வி கேளுங்க:

வெளிச் சாப்பாடு விடுவீங்களா? இல்லைன்னா, கையில முத்திரை குத்தி வெளியே போய்ச் சாப்பிட்டு வர விடுவீங்களா, கேட் பக்கத்துல உட்கார நிழல் இருக்கா? இலவசக் குடிதண்ணி எங்கெங்கே இருக்கு? இன்னிக்குத் தேதிக்கு விலைப் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்புவீங்களா? எங்க கிளாஸுக்கு மொத்தமா சாப்பாடு சேர்த்து என்ன ரேட்?

நாற்பத்தாறு பேருக்காக வெளியே நின்னு கேட்டா அது பேரம். உள்ளே போனப்புறம் ஒருத்தன் கேட்டா அது புலம்பல். அப்புறம், பொருளாளர் மக்களே, சாப்பாட்டுக் காசையும் முதல்லேயே சேர்த்து வசூல் பண்ணுங்க. முடியாதவங்ககிட்ட சத்தமில்லாம குறைச்சு வாங்கிக்கலாம். 'அவரவர் செலவு'ன்னு எழுதற கையை மட்டும் கொஞ்சம் கட்டிப் போடுங்க.

அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேஜையிலேருந்து கேரியரை எடுத்தோம். நாள் பூரா வெயில். திறந்ததுமே வாடை அடிச்சது, சாதம் ஊசிப் போயிருந்தது. பஸ் ஏறப் போறப்போ அவங்க அம்மாகிட்டேருந்து போன். "எல்லாரும் சாப்பிட்டாங்கம்மா. சூப்பரா இருந்ததுன்னு சொன்னாங்க"ன்னு சொல்லிட்டே, ரோட்டோரமா கேரியரைக் கவுத்துக் காலி பண்ணினான்.

விஷயம் தெரியாத அந்த அம்மா, இந்த வருஷ டூருக்கும் எங்க அஞ்சு பேருக்கும் தக்காளி சாதம் கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நானும் இதுவரைக்கும் மூணு பார்க்குக்கு போன் போட்டுட்டேன். அந்த நாலு கேள்விதான். ரெண்டு இடத்துல 'நோ'. மூணாவது இடத்துல, "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றோம் சார்"னு சொல்லியிருக்காங்க.

'சார்'னு எல்லாம் கூப்பிட்டாங்க... கிடைச்சுடும்னு நினைக்கிறேன்! உங்க கிளாஸும் டூர் போறதா இருந்தா, இன்னிக்கே ஒரு போன் போடுங்க. பத்து கிளாஸ் கேட்டா மேனேஜர் யோசிப்பார், நூறு கிளாஸ் கேட்டா ரூல்ஸ் மாறும்.

அடுத்த வாரம் பார்க்கலாம்... வர்ட்டா!