தோளைக் கேட்டு வாங்குங்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் கூலாயில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காளும் அத்தானும் முப்பது வருடம் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். மூத்தவள் சிங்கப்பூரில், ஈசூன் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் கணக்கு எழுதுகிறாள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஜோகூர் பாருவுக்கு வந்து, பாலம் கடந்து, உட்லண்ட்ஸில் சோதனை முடித்து, ரயிலேறி, அட்மிரல்ட்டி, செம்பவாங், கான்பெரா தாண்டி ஈசூனில் இறங்குகிறாள். வீடு திரும்ப இரவு எட்டு மணி. சனிக்கிழமைகளில் கணக்கியல் படிப்பு வேறு.

"நான் பெரட்டுக்கு எழுந்த நேரத்தில்தான் இவளும் எழுந்திருக்கிறாள். தோட்டம்தான் மாறியது, நேரம் மாறவில்லை" என்றாள் அக்காள்.

அவள் சொன்னதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. இன்று அடுக்குமாடி வீடுகளாக நிற்கும் ஈசூனும் ஒரு காலத்தில் ரப்பரும் அன்னாசியும் விளைந்த நிலம்தான். அவற்றைப் பயிரிட்டுப் பெரும் செல்வரான லிம் நீ சூன் (1879–1936) என்பவரின் பெயரைத்தான் அந்த வட்டாரத்துக்கு வைத்தார்கள். 'நீ சூன்' என்பதை மாண்டரினில் உச்சரித்தால் 'ஈசூன்'.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் மருமகள் மெல்லப் பேச்செடுத்தாள்.

"மாமா, படிப்பை விட்டுவிடலாமென்று பார்க்கிறேன்."

எனக்குத் திக்கென்றது. துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு மடிக்கணினி வாங்கியிருக்கிறாள். கடைக்காரர், "பெரிய திரை, வேகம் அதிகம், விலையும் மலிவு" என்று சொல்லி, விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்த ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார். ஆறு மாதம் சுமந்ததில் வலது தோள் வீங்கிப் போயிற்று. பிறகு அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் வீணானது. பாடம் பின்தங்கியது. குற்றம் பிள்ளையின் மூளையில் இல்லை, பையில் இருந்தது!

அக்காளின் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கணினி 2 கிலோ 600 கிராம். மின்னூட்டி மட்டும் 800 கிராம். ஆக 3 கிலோ 400 கிராம். இதற்கு மேல் சோற்றுப் பாத்திரம், தண்ணீர்ப் புட்டி, குடை. காண்டாக் கம்பில் பால் சுமந்த காலத்தில்கூட இரண்டு வாளியும் சமமாகத் தொங்கும். இந்தப் பிள்ளையோ எல்லாவற்றையும் ஒரே தோளில் மாட்டியிருக்கிறாள்.

கையில் தூக்கிப் போகும் கணினி என்று 1981இல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் என்ற ஒன்று வந்தது. அதன் எடை சுமார் 11 கிலோ! இன்று ஒரு கிலோவுக்கும் ஒன்றேகால் கிலோவுக்கும் நல்ல கணினிகள் கிடைக்கின்றன. ஆனால் எடை குறையக் குறைய விலை ஏறும். ஆகவே எதற்காக வாங்குகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். கணக்கு எழுத, கடிதம் அடிக்க, பாடம் பார்க்க வேண்டும் என்பவருக்கு விளையாட்டுக் கணினி வேண்டாம். அடுப்பங்கரைக்குக் கத்தி போதும், கோடாரி எதற்கு?

மறுவாரம் இருவருமாகக் கடைகடையாக ஏறி இறங்கினோம். நாங்கள் பார்த்துக்கொண்டவற்றைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலாவது, எடை. கணினியையும் மின்னூட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் தினமும் சுமக்கலாம். யு.எஸ்.பி.-சி வழியாக மின்னேற்றும் வகையென்றால், போதிய வாட் உள்ள ஒரே சிறிய மின்னூட்டி கைப்பேசிக்கும் ஆகும். திரை 13 அல்லது 14 அங்குலம் போதும்.

இரண்டாவது, நினைவகம். மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு ஒட்டியே வரும். பிறகு கூட்ட முடியாது. 16 ஜி.பி. இருந்தால் சில வருடம் கவலையில்லை. கோப்புகளை வைக்க 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம்.

மூன்றாவது, பழையதை வாங்கினால் கவனம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினியை மலிவென்று வாங்கினால், அது கூரை ஒழுகும் வீட்டை வாங்கிய கதைதான். மின்கலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, தமிழ். தனியாக மென்பொருள் வாங்கத் தேவையில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறை ஆப்பிள் கணினிகளிலும் விண்டோஸிலும் உள்ளேயே இருக்கிறது. அமைப்பில் போய்த் தேர்ந்தெடுத்தால் போதும். கணினித் தமிழுக்குச் சிங்கப்பூரில் பாடுபட்ட நா. கோவிந்தசாமி அவர்களும் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ஐந்தாவது, வரி. சிங்கப்பூரில் 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 1,000 வெள்ளிப் பொருள் வரியோடு 1,090 வெள்ளி. சுற்றுப்பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டம் விமானத்தில் புறப்படுவோருக்கு உண்டு, பாலம் வழியாகத் திரும்புவோருக்குக் கிடையாது. அங்கே வேலை அனுமதியில் இருப்பவரும் சுற்றுப்பயணி ஆகமாட்டார். "வரி திரும்பக் கிடைக்கும்" என்ற பேச்சை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஆறாவது, ரசீது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். அப்படி இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பழைய பொருளுக்கும் இது உண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதம் மலேசியாவிலும் செல்லுமா என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஊருக்கு விமானமேறுவோருக்கும் ஒரு வார்த்தை. பல மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பை 7 கிலோதான். பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. கணினியையும் கையோடு கொண்டுபோவதே பாதுகாப்பு. சிங்கப்பூர், மலேசியாவில் மூன்று சதுர முள் செருகி. தமிழ்நாட்டில் உருண்டை முள். மாற்றுச் செருகி ஒன்றை மறக்க வேண்டாம்.

கடைசியில் பழைய கணினியைப் பாதி விலைக்கு விற்று, ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்த 14 அங்குலக் கணினியை வாங்கினோம். எடை 1 கிலோ 300 கிராம். கூடவே இரண்டு தோளிலும் மாட்டும் பை. சீட்டுப் பணத்தில் போன பாதி போனதுதான். அக்காளிடம் அதை மறைக்கவில்லை. "பிள்ளை படிப்பு போகவில்லையே, அது போதும்" என்றாள் அவள்.

போன வாரம் மருமகள் தொலைபேசியில் பேசினாள்.

"மாமா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பாலம் தாண்டுவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடுகிறது."

"தோள் எப்படியம்மா?"

"அது இருப்பதே மறந்து போச்சு மாமா."

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் முன் கடைக்காரர் வாயை மட்டும் கேட்காதீர்கள். அதைத் தினமும் சுமக்கப் போகிற தோளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.