மண்ணுக்குள் ஊர், மண்மேல் மனு

கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் மனை வைத்திருப்பவர் வீடு கட்ட ஆசைப்பட்டால், கொத்தனாரைத் தேடுமுன் மனு எழுத வேண்டும். கோயில் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டலாம். ஆனால் அனுமதி பெற வேண்டும். புராதனச் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம் இப்படிச் சொல்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவ்வளவு கெடுபிடி தேவைதானா? தேவைதான். இந்த ஊரின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

உடைந்த மதில்

கங்கை வரை படை நடத்தி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த தலைநகரம் இது. சுமார் 250 ஆண்டுகள் சோழர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் வேண்டியிருந்தது. கோயிலின் மதிலை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரார் தடுத்தார்கள், கிடைத்தது தண்டனைதான். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அதிகாரிகள் வாக்களித்தார்கள். அந்த வாக்கு காற்றோடு போயிற்று.

அப்படித் தப்பிப் பிழைத்த கோயில்தான் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் காலடியில் கண்டபடி கட்டடம் எழும்ப விடலாமா?

எங்கே இடிக்கிறது?

காவல் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. காத்திருப்பதில்தான் கஷ்டம். மனுவை வாங்கிய அதிகாரி 15 நாளில் டெல்லியிலுள்ள தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் யோசிக்க இரண்டு மாதம். பிறகு அதிகாரி முடிவு சொல்ல ஒரு மாதம். ஆக, சட்டப்படி நடந்தாலே மூன்றரை மாதம்! இரண்டு அறை வீட்டுக்கும் இதே கெடுதான். பெரிய விடுதிக்கும் இதே கெடுதான்.

சுற்றுச்சூழல் அனுமதியில் இப்படி இல்லை. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்குத்தான் அந்த அனுமதி தேவை. சிறு வீட்டுக்காரரை அது தொடுவதில்லை. பெரியதைப் பெரியதாகவும் சிறியதைச் சிறியதாகவும் பார்க்கும் நியாயம் அங்கே இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு வீடுகளுக்கு நடுவே கிடக்கும் காலி மனையில் கட்டினால் வயல் தப்பும், சாலையும் குடிநீர்க் குழாயும் புதிதாகப் போட வேண்டியதில்லை. தாமதத்துக்குப் பயந்தவர் என்ன செய்வார்? வட்டத்துக்கு வெளியே இடம் தேடுவார். சோழர் தலைநகரோ அந்த 300 மீட்டருக்குள் அடங்கிவிடவில்லை. அரண்மனை இருந்த மாளிகைமேடு, கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 1980-களிலும், மறுபடி 2021 முதலும் அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பானை ஓடுகளும் கிடைத்தன. கோயில் நிழலில் ஒரு காலி மனையைக் காக்கப்போய், தோண்டிப் பார்க்காத மேட்டில் கடைக்கால் போட வைப்பது புத்திசாலித்தனமா?

வழி என்ன?

வழி அதே சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே துணை விதிகள் எழுத வேண்டும் என்று 2010 திருத்தம் சொல்கிறது. எவ்வளவு உயரம், எந்த முகப்பு, எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், விதிக்கு அடங்கிய சிறு வீட்டுக்கு ஜெயங்கொண்டத்திலேயே சில நாளில் பதில் சொல்லிவிடலாம். டெல்லிக்குப் பெரிய கட்டடங்கள் மட்டும் போகட்டும். அவற்றைச் சல்லடை போட்டுச் சலிக்கட்டும். பழைய நகரம் எங்கெங்கே புதைந்திருக்கிறது என்று படம் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் மாட்டி வைக்கட்டும். கடைக்கால் தோண்டும்போது செங்கல் சுவர் தென்பட்டால் யாரிடம் சொல்வது என்பதும் ஊராருக்குத் தெரியட்டும்.

ஆனால் நாடு முழுவதும் 3,600-க்கு மேற்பட்ட மத்தியச் சின்னங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த விதிகள் இன்னும் முடிவாகவில்லை. விதி எழுதாத குற்றத்துக்கு வீடு கட்டுகிறவர் அபராதம் கட்டுவதா?

1836-ல் கொடுத்த வாக்கு போனது போகட்டும். 2010-ல் சட்டம் கொடுத்த வாக்கையாவது சர்க்கார் காப்பாற்றட்டும்.