அமுக்கிராவும் அரைப்பேரும்

ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவி ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருக்கையில், வகுப்பில் நாள்தோறும் உறங்கி விழுந்தாள். காரணம் கேட்டபோது புத்தகப் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினாள். அசுவகந்தாக் குளிசைகள்! "இதக் குடிச்சா களைப்பே வராதாம் சேர். அம்மா வாங்கித் தந்தாங்க" என்றாள். தாயின் இரண்டு நாட் சம்பளம் அப்போத்தலுக்குள் கிடந்தது. பின்னர் அரசாங்க வைத்தியசாலையில் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பிணி இரத்தச்சோகை. அதற்கான இரும்புச்சத்துக் குளிசையை அங்கே இலவசமாகவே கொடுத்தார்கள்.

அமுக்கிரா வேரோடு எமக்கு வழக்கில்லை. கத்தரி, தக்காளி என்பவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடியின் வேரில் குதிரையின் மணம் வீசுவதாற்றான் வடமொழியார் அதனை அசுவகந்தா என்றனர். கிராம்பு, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியவற்றோடு சேர்த்துச் சித்த வைத்தியர் அதனைச் சூரணமாக்கினர். ஆயுர்வேதத்தார் அரிட்டமாகவும் இலேகியமாகவும் ஆக்கினர். பாலோடு உண்பதா, தேனோடு உண்பதா, எத்தனை நாள் உண்பது என்பதை நோயாளியின் நாடி பார்த்தவர் தீர்மானித்தார்.

இன்றோ அதே வேர் தூளாகவும், சாறு வடித்துச் செறிவாக்கிய குளிசையாகவும், மெல்லும் இனிப்பாகவும், தேநீர்ப் பையாகவும் கடைக்கு வருகிறது. பழைய முறையில் தூள் நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம். அண்மைய ஆய்வுகள் பலவற்றில் கொடுக்கப்பட்ட செறிந்த சாறோ 300 முதல் 600 மில்லிகிராம். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கடையில் காசு நீட்டும் தாய்க்கு எடுத்துரைப்பவர் யார்?

பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சில வாரங்கள் நடந்த சிறிய ஆய்வுகளிலே மனவழுத்தம் ஓரளவு தணிந்தது. உறக்கமும் சற்று மேம்பட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உண்டால் கேடில்லை என்று சொல்லப் போதிய சான்றில்லை. கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்த்தல் வேண்டும். தைரொயிட் சுரப்பி நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாது தொடலாகாது. ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கைகளும் உள. 2023ஆம் ஆண்டு டென்மார்க் இதனைத் தடை செய்தது. விளம்பரக்காரர் இவற்றில் எதனை உரக்கச் சொல்கிறார்?

இவ்வகைப் பொருள்களுக்கு இக்காலத்தார் இட்டிருக்கும் பெயர் 'அடப்டொஜென்'. உடலை நெருக்கடிக்கு இசைவிப்பது என்று பொருள். 1947ஆம் ஆண்டில் இச்சொல்லை வழங்கியவர் லாசரெவ் என்னும் சோவியத் விஞ்ஞானி. அவர் வழியிலே ஆராய்ச்சியை வளர்த்தவர் பிரெக்மன். சோவியத் நாட்டிற் பிறந்த சொல் என்பதற்காக நாம் அதனை உரசிப் பாராது ஏற்க வேண்டுவதில்லை. பாரம் கனக்கிறது என்பவனின் முதுகைப் பாரத்திற்குப் பழக்குவதா, பாரத்தைக் குறைப்பதா என்ற கேள்வி எந்நாட்டிலும் கேட்கப்பட வேண்டியதே.

எமது மலைகளில் அப்பாரம் யாது? விடியுமுன் எழுந்து, நீர் சுமந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு மலையேறுகிறாள் ஒரு பெண். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் அவள் கணக்கில் விழுவது அரைப்பேர். அவளுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியது 2021இல்; 1,350 ரூபாவானது 2024இல். ஒவ்வோர் உயர்வுக்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம்! 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதிகளிலோ 32 பேர். உணவோடு குடிக்கும் வெறுந்தேநீர், அவ்வுணவிலுள்ள சிறிதளவு இரும்புச்சத்தையும் உடலிற் சேரவிடாது தடுக்கிறது. அவள் பறித்த கொழுந்தே அவள் இரத்தத்திற்குப் பகையாகிறது.

உறக்கத்தின் கதையும் இதுவே. அமுக்கிராவின் இலத்தீன் பெயரில் 'உறக்கந் தருவது' என்னும் பொருள் உண்டு. ஆயின் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைக் கண்டவர்கள், அடைமழை இரவுகளில் மலையின் ஓசைக்குச் செவிகொடுத்து விழித்திருக்கிறார்கள். எந்தச் சூரணம் அவர்களை உறங்க வைக்கும்? அவர்களுக்கு வேண்டியது உறுதியான நிலத்திலே உரிமையுள்ள வீடு.

"சமுதாயம் மாறும்வரை களைத்திருப்பதா? ஒரு குளிசை விழுங்கினால் என்ன குறைந்துவிடும்?" என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தகுதிபெற்ற வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுப்பாராயின் நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அப்போத்தலின் விலை ஒரு குடும்பத்தின் முட்டையும் நெத்தலியும் பயறும் ஆகும். மேலும், களைப்பு என்பது உடல் அனுப்பும் முறைப்பாடு. முறைப்பாட்டை அடக்கிவிட்டால் நோய் மறைந்து வளரும். அந்நோயை விளைவித்த சம்பளமும் கேள்விக்குள்ளாகாது தப்பிவிடும். களைத்தவளையே அவளுடைய களைப்புக்குப் பொறுப்பாளியாக்கி, தீர்வையும் அவள் காசிலேயே வாங்கச் சொல்வதுதான் இவ்வணிகத்தின் தந்திரம்.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள், போத்தலையும் பரிந்துரைக்காதீர்கள். இரத்தம் பரிசோதிக்க அனுப்புங்கள். காலையில் என்ன உண்டாள் என்று கேளுங்கள். சுகாதார பாடத்திலே இரும்புச்சத்தைக் கற்பிக்கும் அன்றே, ஒரு நாட்சம்பளத்தில் எத்தனை பேர் எத்தனை வேளை உண்ணலாம் என்ற கணக்கையும் கரும்பலகையில் எழுதுங்கள். அக்கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை, தன் தாய் அரைப்பேருக்கு ஏன் இறங்கினாள் என்று நாளை கேட்பாள்.